வகுப்பறை நடத்தையும் வீட்டுப் பின்னணியும்

கேள்வி: டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ போன்ற நகரங்களில் பள்ளி தொடங்கும் சிறுவர்களின் நடத்தைக்கும் குடும்பச் சூழலுக்கும் தொடர்பு உண்டா? ஆண், பெண் வேறுபாடு அதில் தெரிகிறதா?

பதில்: இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சின்ன வகுப்புகளில் கவனச்சிதறல், அமைதியின்மை, முரட்டுத்தனம் ஆகியவை ஆண் பிள்ளைகளிடம் சராசரியாகக் கூடுதலாகப் பதிவாகின்றன. பெண் பிள்ளைகளின் பதற்றம் வெளியே தெரியாததால் ஆசிரியர் பார்வைக்குத் தப்பிவிடுவதுண்டு. பெற்றோரின் குறைந்த வருமானமும் கல்வியும் இச்சிக்கல்களைக் கூட்டும். பணநெருக்கடி, இடநெருக்கடி, பெற்றோரின் மனஅழுத்தம் வழியாக அவை பிள்ளையைப் பாதிக்கின்றன.

டென்மார்க்கில் பிள்ளைக்கு 6 வயது நிறையும் ஆண்டில் பள்ளி தொடங்குகிறது. 2009 முதல், முதல் வகுப்புக்கு முந்தைய பூஜ்ய வகுப்பு கட்டாயம். தேவையானால் ஓராண்டு தள்ளிச் சேர்க்கலாம். இவ்வாறு தள்ளப்படுவோரில் ஆண் பிள்ளைகளே அதிகம். தாமஸ் டீ, ஹான்ஸ் ஹென்ரிக் சீவர்ட்சன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட டேனிஷ் ஆய்வின்படி, தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் 7 வயதில் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் குறைந்திருந்தன; 11 வயதிலும் அப்பயன் நீடித்தது.

நடத்தையில் மொழிக்கும் பங்குண்டு. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஹொல்ஸ்டெப்ரோ அமைந்துள்ள ஜட்லாந்துப் பகுதியில் குடியேறின. வீட்டில் தமிழ், பள்ளியில் டேனிஷ் என வளரும் பிள்ளையின் மௌனம் மொழித் தயக்கமாகவும் இருக்கலாம். ஆகவே நடத்தையை மதிப்பிடும்போது வயது, மொழி, வீட்டுச்சூழல் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சராசரிகள் குழுவைப் பற்றியவை. தனிப் பிள்ளையைத் தீர்மானிப்பவை அல்ல.