கடன் தீர்த்தலும் கடல் கடந்த சேவையும்

திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் செய்தே தீர வேண்டிய கடமைக்கும் தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல்தான். இவ்விரண்டும் ஒருவர் வாழ்வில் எதிரெதிராக வந்து நின்றால் எதை முதலில் ஏற்பது?

பெங்களூரின் தென்கோடியில், எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்துள்ளது ஹெப்பகோடி. தொழிற்சாலைகளையும் மென்பொருள் நிறுவனங்களையும் நம்பி வந்த பலர் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். வேலை போனது, கடன் அட்டை நிலுவையும் தனிநபர் கடனும் பெருகின. வங்கியுடன் பேசித் தவணையைக் குறைத்துக்கொண்டு அடைத்து வருகிறார். அந்நிலையில் ஆப்பிரிக்க நாடொன்றில் ஓராண்டு தொண்டாற்றும் வாய்ப்பு வருகிறது. அவர் போகலாமா?

சான்றோர் காட்டிய நெறி

புத்தரின் சங்கத்தில் துறவு பெற வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, அவர் கடனற்றவரா என்பது. கடனாளிக்குத் துறவு தரலாகாது என்பது விநய விதி. உலகை விடுபவருக்கே இவ்விதி என்றால், உலகுக்குத் தொண்டு செய்யப் புறப்படுபவர் அதைப் புறக்கணிக்கலாமா?

சுவாமி விவேகானந்தரின் தந்தை 1884-இல் காலமானபோது குடும்பம் கடனிலும் வறுமையிலும் தவித்தது. 1893-இல் சுவாமிஜி அமெரிக்கா சென்றார். அவருடைய தாயாருக்கு கேத்ரி மன்னர் அஜித் சிங் மாதம் 100 ரூபாய் அனுப்பி வந்தார். தம் மறைவுக்குப் பின்னும் அவ்வுதவி தொடர வேண்டும் என 1898-இல் சுவாமிஜி மன்னருக்கு எழுதினார். உலகப் பணியின் நடுவிலும் வீட்டின் பொறுப்பு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி திவாலானவர் என அறிவிக்கப்பட்டவர், தீர்ப்பாயத்தின் அனுமதியின்றி வெளிநாடு செல்ல இயலாது.

நம் இளைஞரோ வங்கியுடன் நேரடியாக உடன்பாடு செய்தவர். சிலர் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் காண்பர். அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடு இல்லை. ஒப்புக்கொண்ட தவணை தவறினால் அதை நிறைவேற்றக் கோரி வங்கி நீதிமன்றம் செல்லலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கடனுக்குப் பிணை நின்றவர் இருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவருடைய பொறுப்பும் கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. நாம் விமானம் ஏறியபின் தட்டப்படுவது அவருடைய கதவு. ஒருவரைத் துன்பத்தில் தள்ளிவிட்டு மற்றொருவரின் துன்பம் துடைக்கச் செல்வது சேவையாகுமா?

புறப்படும் முன்

தொண்டருக்குத் தரப்படுவது பொதுவாகச் சம்பளமன்று. உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்கான படியே. அதிலிருந்து தவணை கட்டலாம் என்று கணக்கிடுவது வீண். ஆகவே மூன்று செயல்கள் தேவை.

1. தொண்டுக்காலம் முழுவதற்குமான தவணைத் தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தல்.
2. வங்கிக்கும் பிணை நின்றவருக்கும் பயணத்தை எழுத்தில் தெரிவித்தல். உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல்.
3. அனுப்பும் தொண்டு நிறுவனத்திடம் கடன் நிலையை மறைக்காதிருத்தல்.

இவை இயலுமானால் அவர் தயங்காமல் செல்லலாம். கடன்பட்டவர் தொண்டு செய்யத் தகுதியற்றவர் என்று எந்த அறமும் கூறவில்லை. இவை இயலாவிடில், பயணத்தைத் தள்ளி வைப்பதே தவம். அதுவரை அவருடைய சேவைக்களம் அடுத்த தெருவிலேயே காத்திருக்கிறது. பிழைப்புக்காக வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பாடம் சொல்லித் தர, கடவுச்சீட்டு தேவையில்லை.

சிந்தனைக்கு

‘நான் ஓரிடத்தை நோக்கிச் செல்கிறேனா, ஓரிடத்திலிருந்து ஓடுகிறேனா?’ தொண்டு செய்யும் ஆவலும் தொல்லையிலிருந்து தப்பும் ஆவலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை அமைதியாக எடுத்துப் பேசக்கூடியவர், இக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.