ஸ்டிக்கரில் இல்லாத எண்

மார்த்தாண்டத்துக் கடையில் வாங்கிய இரண்டு கொட்டேஷன் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் வந்தான். இரண்டும் ஒரே கம்பெனியின் பிசினஸ் லேப்டாப். ஒரே 14 இன்ச், ஒரே ப்ராசசர், ஒரே 16 ஜிபி ரேம். ஒன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மற்றதில் 4 ஜிபி கார்டு உண்டு. விலை வித்தியாசம் 32,000 ரூபாய்.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. கடைக்காரரு கூடின விலைக்கு உள்ளத எடுக்கச் சொல்லுதாரு. எத எடுக்கட்டும்?"

"அதுல என்ன வேலை செய்யப்போற?"

"பிளான் வரையணும். பொறவு 3டி எலிவேஷன் செய்யணும்னு இருக்கு."

அந்த 'பொறவு' என்ற சொல்லுக்குத்தான் 32,000 ரூபாய் விலை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அருமனையிலிருந்து குழித்துறைக்குப் பஸ், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில், பிறகு கழக்கூட்டம் டெக்னோபார்க் என்று நான் பல வருடம் போய்வந்தவன். 1990-இல் தொடங்கிய அந்த வளாகம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடுகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள், மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் போடுபவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், ரப்பர் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள் என எல்லோரும் கடைசியில் இதே இரண்டு கொட்டேஷனோடுதான் நிற்கிறார்கள். ஆனால் பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல.

கணக்கு எழுதுபவருக்கு ஒரு வரி போதும். டேலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜூம் மீட்டிங், பிரவுசர் இவற்றில் எதற்கும் தனி கார்டு வேண்டாம். கோட் எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கும் வேண்டாம். அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள், மூன்று வருட ஆன்சைட் வாரன்டி எடுங்கள். வாங்குமுன் உங்கள் பின்கோடுக்கு இன்ஜினியர் வீடு தேடி வருவாரா, இல்லை நாகர்கோவிலுக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைக் கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள். மலையோர ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கிராபிக்ஸ் கார்டைவிட முக்கியம்.

ரேம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் சித்தி மகன் வாங்கிய லேப்டாப்பின் விளம்பரத்தில் 'இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ' என்றிருந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப்போனான். யாரும் ஏமாற்றவில்லை. பில்ட்-இன் கிராபிக்ஸுக்கென்று சொந்தமாக மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு ரேம் துண்டு இருந்தால் பாதை ஒன்றுதான். இரண்டு துண்டு போட்டால் பாதை இரண்டாகும். அப்போதுதான் இன்டெல் அதற்கு ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரையே கொடுக்கிறது. அதே அளவில் இன்னொரு 8 ஜிபி துண்டு போட்டதும் பெயரும் மாறியது, வேகமும் கூடியது. தனி கார்டு வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது ரேம் துண்டுதான். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "16 ஜிபி ஒத்தத் துண்டா, ரெண்டு எட்டா?"

இனி கார்டு உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள். இங்கேதான் பெயர்கள் குழப்பும். என்விடியாவில் ஜிபோர்ஸ் ஒரு வரிசை. பிசினஸ் ஒர்க்ஸ்டேஷன்களில் வருவது, முன்பு குவாட்ரோ என்று அழைக்கப்பட்டது, இன்னொரு வரிசை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டிலும் ஆர்டிஎக்ஸ் 2000 அடா லேப்டாப் கார்டிலும் உள்ளே இருப்பது ஒரே சிப். இரண்டிலும் 3072 கூடா (CUDA) கோர்கள், 8 ஜிபி மெமரி. அதேபோல 4050-க்கும் 1000 அடாவுக்கும் 2560 கோர், 6 ஜிபி. பெயர்தான் வேறு. ஒர்க்ஸ்டேஷன் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் டிரைவருக்கும், மென்பொருள் கம்பெனிகளின் சான்றிதழுக்கும் போகிறது. சாலிட்ஒர்க்ஸில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் டிசைனருக்கு அந்தச் சான்றிதழ் அவசியம். அதிலுள்ள ரியல்வியூ வசதி ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளுக்கென்றே அனுமதிக்கப்பட்டது. ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் வைத்து வீட்டு வேலை செய்பவருக்கு ஜிபோர்ஸ் போதும்.

பெயர் வேறாக இருந்து பொருள் ஒன்றாக இருப்பதுகூடப் பரவாயில்லை. பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். 4060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா அனுமதித்த மின்அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மெல்லிய பிசினஸ் லேப்டாப்பில் சூடு தாங்காது என்று கம்பெனி கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வைத்துவிடும். தடித்த லேப்டாப்பில் மேல் எல்லை வரை விடும். வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான். 35 வாட்டில் ஓடும் 4060-ஐ, நூறு வாட்டில் ஓடும் 4050 முந்திவிடுவது உண்டு. இந்தப் பழக்கம் புதியதும் அல்ல. எம்எக்ஸ்150 என்ற கார்டு ஒரே பெயரில் இரண்டு வேகத்தில் விற்கப்பட்டது 2018-இல் வெளியே தெரிந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது, குறைந்த வாட் கார்டைத் தனித்துக் காட்டிய 'மேக்ஸ்-க்யூ' என்ற ஒட்டையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு வாட் அளவைக் குறிப்பிடும்படி லேப்டாப் கம்பெனிகளை என்விடியா கேட்டுக்கொண்டது. குறிப்பிடுகிறார்கள்தான், நாம் தேடினால்தான் கிடைக்கும்.

கடையில் டெமோ மெஷின் இருந்தால் தேடவும் வேண்டாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் போனால் 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியில் வாட் எண் இருக்கும். அரை நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அத்தனை ரூபாய் கொடுப்பவர் நாம்.

வாட் கூடினால் சூடும் கூடும், சார்ஜரும் பெருக்கும். பில்ட்-இன் கிராபிக்ஸ் உள்ள 14 இன்ச் மெஷின் 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓடும். போனையும் அதிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். பெரிய கார்டு உள்ளதற்கு 170 வாட், 230 வாட் என்று தனிச் சார்ஜர் வரும். அதைப் பையில் போட்டுக்கொண்டு குழித்துறையில் ஏறி, உட்கார இடமில்லாமல் திருவனந்தபுரம் வரை தோளில் சுமந்து பாருங்கள். இரண்டாவது வாரமே சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள். பாட்டரியில் ஓடும்போது கார்டு முழு வேகம் கொடுக்காது. பிறகு எதற்கு அந்தப் பணம்? இன்னொன்று: சில மாடல்களில் வெளி மானிட்டருக்கான போர்ட் தனி கார்டோடுதான் இணைந்திருக்கும். ஆபீசில் மானிட்டர் செருகியதும், வெறும் மெயில் பார்த்தாலும் கார்டு விழித்தே இருக்கும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும்.

கல்யாண வீடியோ எடிட்டர்கள் விஷயம் தனி. டிசம்பர் வந்தால் அருமனை கிறிஸ்துமஸ் விழா, அது முடிந்ததும் கல்யாணங்கள் என்று இவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. இவர்கள்தான் பெரும்பாலும் பெரிய கார்டைத் தேடிப் போகிறார்கள்; ஏமாந்து நிற்பதும் இவர்கள்தான். சோனி ஏ7 IV மாதிரியான கேமராவில் 10-பிட் 4:2:2 என்ற தரத்தில் எடுத்த வீடியோவை டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடும். கார்டு போதவில்லை என்று நினைப்பார்கள். அளவு போதாததல்ல காரணம். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் என்விடியா கார்டுகளில் 4:2:2 வீடியோவை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதியே கிடையாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை ப்ராசசரிலிருந்து, நாம் மதிக்காமல் விட்ட பில்ட்-இன் கிராபிக்ஸே எச்.265 4:2:2-ஐ நேரடியாகக் கையாளும். ஏஎம்டியின் பில்ட்-இன்னில் அது இல்லை. ஆகவே 40 வரிசை கார்டு வாங்கும் எடிட்டர் இன்டெல் ப்ராசசர் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ்-க்குப் பதில் எச்.265 ஆன எக்ஸ்ஏவிசி எச்எஸ்-இல் எடுக்கட்டும். கலர் கிரேடிங்குக்கும் எஃபெக்டுக்கும் தனி கார்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கார்டுக்கு லட்சம் கொட்டியும் திக்குகிறது என்று வருந்திய ஒருவருக்கு, கேமராவில் இந்த ஒரு செட்டிங்கை மாற்றியதும் அடுத்த கல்யாணம் இழுத்த இழுப்புக்கு ஓடியது.

ஏஐ படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: கூடா வேண்டும் என்றால் என்விடியாதான், அதில் பார்க்க வேண்டியது மெமரி, கோர் எண்ணிக்கை பிறகு. 4 ஜிபியில் சற்றுப் பெரிய மொழி மாதிரிகளை ஓட்டப் பார்த்தால் இடம் போதாமல் நின்றுவிடும். கூகுள் கோலாபின் இலவசக் கணக்கில் கிடைக்கும் டி4 கார்டுக்கே 16 ஜிபி உண்டு. முதல் வருடம் அதில் படியுங்கள். அப்பா ரப்பர் வெட்டிச் சேர்த்த பணத்தை அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம்.

செகண்ட் ஹாண்டு வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு முதல் நம்மூர்க் கடைகள் வரை, பெரிய கம்பெனிகள் கழித்த பிசினஸ் லேப்டாப்புகள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பில்ட்-இன் கிராபிக்ஸ் உள்ளதென்றால், இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் பார்த்துத் தாராளமாக எடுக்கலாம். அதற்குக் கீழே விண்டோஸ் 11-க்கு அனுமதியில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. தனி கார்டு உள்ள பழைய மெஷினை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலான லேப்டாப்பில் கார்டு மதர்போர்டோடு பற்றவைத்தது. கார்டு போனால் போர்டே போயிற்று. 2008 ஜூலையில் என்விடியாவே தன் லேப்டாப் சிப்புகளில் வழக்கத்துக்கு மீறிய கோளாறு வருவதாக ஒப்புக்கொண்டு, பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் பொதிவு பலவீனமடைந்ததுதான் காரணம். இன்றைய சிப்புகள் அப்படியல்ல என்றாலும், ஐந்து வருடம் யாரோ ரெண்டர் போட்டு வறுத்தெடுத்த போர்டு எந்த நிலையில் இருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு குவாட்ரோ பி வரிசை, எம்எக்ஸ்150 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளை 2025-இல் வந்த கூடா 13 கைவிட்டுவிட்டது. 'குவாட்ரோ இருக்கு' என்று ஆசைகாட்டினால் எந்தக் குவாட்ரோ என்று கேளுங்கள்.

கம்பெனி லேப்டாப் தருகிறது, ஆனால் வேலைக்குப் போதவில்லை என்கிறவர்கள் 'ஸ்லோவாக இருக்கிறது' என்று மேனேஜரிடம் புலம்பிப் பயனில்லை. வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் மெமரி நிரம்பி நிற்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலை, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடக் காத்திருப்பு, நாளுக்கு எத்தனை தடவை என்று மூன்று வரி எழுதி அந்தப் படத்தோடு அனுப்புங்கள். மாடல் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மெமரி எத்தனை ஜிபி, வாட் எவ்வளவு என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பெயரளவுக்கு ஒரு கார்டு உள்ள மெல்லிய மெஷின் வந்து சேரும்; அடுத்த மூன்று வருடத்துக்கு வாயைத் திறக்கவும் முடியாது.

சொந்தமாகத் தொழில் செய்பவர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், லேப்டாப் மேல் கட்டும் 18 சதவீதத்தை இன்புட்டாக எடுக்கலாம். பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான்.

இனி நம் தம்பி. பகலில் அவன் வேலை ஆட்டோகேடில் இரண்டு பரிமாண பிளான். அதற்குத் தனி கார்டு தேவையே இல்லை. ஆசை, வளைகுடாவில் இருப்பவர்கள் ஊரில் கட்டும் வீடுகளுக்கு லூமியனில் எலிவேஷன் செய்வது. அந்த ஆசை நியாயமானது. விளவங்கோடு பக்கம் அந்த வேலைக்குக் குறைவில்லை. ஆனால் லூமியன் முழுக்க முழுக்கக் கார்டின் மெமரியைத் தின்னும் மென்பொருள். "4 ஜிபி கார்டு உள்ள கூட்டாளி யாரும் உண்டா? அவன் மெஷின்ல ஒரு வீடு போட்டுப் பாரு, வாங்குறத அப்புறம் பாப்போம்" என்று அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வந்தான். வீடு மட்டும் ஓடியதாம். முற்றத்தில் நாலு தென்னையும் ஒரு காரும் மதில்சுவரும் வைத்ததும் மெமரி நிரம்பி, படம் நகர மறுத்துவிட்டதாம். அந்த இரண்டாவது கொட்டேஷன் அவனுக்கு ரெண்டுங்கெட்டான்: பிளானுக்கு அதிகம், எலிவேஷனுக்குக் குறைவு.

முதல் கொட்டேஷனில் உள்ளதையே, இரண்டு எட்டு ஜிபித் துண்டாகக் கேட்டு வாங்கினான். மிச்சம் 32,000-ஐ அவன் அம்மா வாங்கித் தனியே வைத்திருக்கிறார். எலிவேஷனுக்கு முதல் அட்வான்ஸ் கையில் வந்ததும் அதையும் இதையும் சேர்த்து, 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போட்டு வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வைப்பதாகத் திட்டம். ஐப்பசி இடிக்கு பிளக்கைப் பிடுங்கிப்போட வேண்டும் என்பதை மட்டும் அவன் அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.