நிழல் எந்தப் பக்கம் விழும்?

ஒளி செல்லும் வழியில் ஒரு பொருள் குறுக்கிட்டால், அதற்குப் பின்னால் ஒளி படாத இடமே நிழல். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இதைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துச் சூரியன், மரம், ஓர் ஆள், இரண்டின் நிழல் என்று வரையச் சொன்னால் கதை வேறு. பல படங்களில் நிழல் சூரியன் இருக்கும் பக்கமே விழுந்திருக்கும். சிலவற்றில் நிழலுக்குக் கண்ணும் மூக்கும் சட்டைப் பொத்தானும்கூட இருக்கும். பாடத்தை வரையறையில் தொடங்காமல் இந்தப் படத்தில் தொடங்குவதே நல்லது. படங்களை அப்போது திருத்த வேண்டியதில்லை. பெயர் எழுதி வாங்கி வைத்து, பாடம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைகளே தங்கள் தவற்றைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

இந்தத் தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் நிழலைப் பற்றிக் கேட்டறிந்ததை 1927-இல் ஒரு நூலில் வெளியிட்டார். மேசை மேல் விழும் நிழல் இரவிலிருந்து வருகிறது, மரத்தடியிலிருந்து வருகிறது என்று சின்னக் குழந்தைகள் சொல்லியிருக்கிறார்கள். நிழல் அவர்களுக்கு ஒரு பொருள். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வது. ஒன்று இல்லாமல் போனதற்குப் பெயர்தான் நிழல் என்பது பெரியவர்களுக்கே சற்று யோசித்தால்தான் பிடிபடும்.

அடுத்த சிக்கல் பார்வை. முழு இருட்டில் எதுவும் தெரியாது என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஒப்புவதில்லை. “கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும்” என்பார்கள். மின்தடை நேரத்திலும் ஜன்னல் வழியே ஏதோ ஓர் ஒளி வருவதால் முழு இருட்டை அவர்கள் கண்டதே இல்லை. ஒரு செருப்புப் பெட்டி போதும். ஒரு முனையில் பட்டாணி அளவுத் துளை, மேல்மூடியில் திறந்து மூடும் சிறு கதவு, உள்ளே ஒரு பொம்மை. கதவை மூடிப் பார்க்கச் செய்து, பிறகு மெல்லத் திறக்க வேண்டும். பெட்டியின் இடுக்குகளைக் கறுப்புத் தாள் ஒட்டி அடைக்காவிட்டால் சோதனை பாழ். பார்ப்பது கண்ணின் வேலை மட்டுமே என்று எண்ணுவது பிள்ளைகள் மட்டுமல்ல; கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடே நம்பினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால் பார்க்கிறோம் என்று 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் விரிவாக விளக்கினார். எட்டு வயதுப் பிள்ளை யூக்ளிட் பக்கம் நின்றால் கோபப்பட ஏதுமில்லை.

ஒளி நேர்கோட்டில் செல்வதைக் காட்ட மூன்று அட்டைகளில் துளையிட்டு வரிசையாக நிறுத்தும் சோதனை பாடநூல்களில் வழக்கமாக இருக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் துளைகள் நேராக அமைவதற்குள் மணி அடித்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒன்றரை அடி வெட்டிக்கொண்டால் வேலை எளிது. நேராகப் பிடித்தால் எதிரே எரியும் விளக்கு தெரியும், வளைத்தால் தெரியாது.

டார்ச் வெளிச்சத்தில் செய்யும் சோதனைகளுக்கு ஒரே ஒரு விதி: முதலில் சொல், பிறகு விளக்கைப் போடு. நிழல் எங்கே விழும், பெரிதாகுமா சிறிதாகுமா என்று ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் விரல் வைத்துக் காட்டிய பின்பே விளக்கு எரிய வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகப் போட்டுவிட்டால் பாடம் வேடிக்கையாக மாறிவிடும். விளக்கின் பக்கம் கையைக் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், சுவரின் பக்கம் கொண்டுபோனால் சுருங்கும் என்பதை மூன்று நான்கு முறை தவறாகச் சொன்ன பிறகே பெரும்பாலோர் சரியாகச் சொல்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணம் வைத்த டார்ச்சைவிடக் கைபேசி விளக்கு தெளிவான நிழல் தரும். சில கைபேசிகளில் இரண்டு சிறு விளக்குகள் அருகருகே இருப்பதால் நிழல் இரட்டையாக விழும். ஆசிரியருக்கு முன்பே பிள்ளைகள் அதைக் கவனித்துவிடுவார்கள். ஒன்றைக் கறுப்பு டேப்பால் மூடலாம். மூடாமல் ‘ஏன் இரண்டு?’ என்று கேட்பது இன்னும் நல்லது.

வகுப்பறை டியூப்லைட்டும் ஒரு நல்ல கருவி. அதற்குக் கீழே மேசை மேல் சற்று உயரத்தில் பென்சிலைக் குழலுக்கு இணையாகப் பிடித்தால் நிழல் ஓரளவு தெளிவாக இருக்கும். குறுக்காகத் திருப்பினால் மங்கிக் கரைந்துவிடும். நீண்ட குழலின் ஒரு பகுதியைப் பென்சில் மறைத்தாலும் மற்ற பகுதிகளின் ஒளி வந்து சேர்கிறது. ஒளியே படாத கருநிழல், ஓரளவு ஒளி படும் புறநிழல் என்ற சொற்களை இதைப் பார்த்த பிறகு சொன்னால் போதும்.

ஒளி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள் என்று பிரிப்பது எளிய பகுதி. ஒரு பீரியடுக்கு மேல் வேண்டாம். பஜ்ஜி மடித்த எண்ணெய்த் தாள் ஒன்று மட்டும் கையில் இருக்கட்டும். தாளின் இழைகளுக்கிடையே உள்ள காற்றை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைந்து தாள் ஒளியைக் கசியவிடுகிறது. குமரி மாவட்டத்தில் இன்றும் நடக்கும் தோல்பாவைக்கூத்தின் நுட்பமும் கிட்டத்தட்ட இதுவே. பாவைகள் ஒளி கசியும்படி பதப்படுத்திய ஆட்டுத்தோலில் செய்யப்பட்டுச் சாயம் தீட்டப்படுவதால் திரையில் நிறத்தோடு தெரிகின்றன. நிழல் கறுப்பாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

உண்மையான பாடம் மைதானத்தில்தான் நடக்கிறது. கொடிக்கம்பத்தின் நிழலை அளக்கலாம் என்று தோன்றும். ஆனால் உயரம் கூடக்கூட நிழலின் நுனி மங்கலாகும், எங்கே முடிகிறது என்று சண்டை வரும். ஒரு மீட்டர் குச்சி போதும். அதை நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு போலப் பிடித்துச் செங்குத்தா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லும் நேரம் எழுதிய சீட்டும் வைத்தால் மாலைக்குள் ஒரு கோடு உருவாகிவிடும். பிள்ளைகளின் நிழலையே சாக்பீஸால் வரைவதானால் பாதங்களையும் சேர்த்து வரைய வேண்டும். இல்லையேல் அடுத்த முறை வேறிடத்தில் நின்று எல்லாம் குழம்பும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மிகக் குறுகிய நிழல் சரியாக 12 மணிக்கு விழுவதில்லை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருக்கிறது. அதனால் ஜூன் மாதத்தில் சென்னையில் 12.10 அளவிலும் கோவையில் 12.24 அளவிலும்தான் நிழல் மிகவும் குறுகும்.

அருகில் வேப்பமரம் இருந்தால் அதன் நிழலில் கிடக்கும் வட்ட வட்டமான ஒளிப்பொட்டுகளையும் காட்டலாம். இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும் பொட்டுகள் வட்டமாகவே இருக்கும், ஏனெனில் அவை சூரியனின் பிம்பங்கள். ஐந்து மீட்டர் உயரத்து இடுக்கிலிருந்து விழும் பிம்பம் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் இருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கங்கணச் சூரிய கிரகணத்தின்போது கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் இந்தப் பொட்டுகள் பிறையாகி, சில நிமிடங்கள் வளையமாகவும் மாறின.

மைதானப் பாடத்தை ஒரே நாளில் முடிப்பது வீண். பள்ளி திறந்த ஜூனில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் நண்பகல் நிழலை அளக்க வேண்டும். சென்னையில் ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 18 சென்டிமீட்டர், அதுவும் தெற்கு நோக்கி விழும். டிசம்பர் 21 அன்று சுமார் 74 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி விழும். இடையில் நிழல் பக்கம் மாறியிருக்கிறது என்றால், ஏதோ ஒரு நாள் அது இல்லாமலே போயிருக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் ஊகிக்க முடியும். நண்பகலில் நிழலே விழாது என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான் தவறு. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள்தான் அப்படி நடக்கும். சென்னையில் அவை ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி வருகின்றன. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐயும் செப்டம்பர் 1-ஐயும் ஒட்டி. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும் என்பதால் பள்ளிக்கு வாய்ப்பானது இரண்டாவது நாள்தான். அன்று மேகம் மூடிவிட்டால் மறுநாள் அளக்கலாம். ஒரு மீட்டர் குச்சிக்கு அப்போதும் நிழல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.