முடிவிலி

அல்சூரில் என் அறைக்கு அடுத்த வீட்டுச் சிறுமி, பள்ளியில் கன்னடத்தில் 'அனந்த' என்று படித்த சொல்லுக்குத் தமிழ் யாது என்று கேட்டாள். 'முடிவிலி' என்றேன். "அறிவிலி மாதிரி இதுவும் திட்டா, அண்ணா?" என்றாள். கணிதத்தை ஆங்கிலத்திலேயே பயின்ற எனக்கு அக்கேள்வி ஒரு பாடமாயிற்று.

முடிவு, இல், இ என்னும் மூன்றும் சேர்ந்தது முடிவிலி. முடிவு இல்லாதது என்பது பொருள். வடமொழி அனந்தமும் அவ்வாறு அமைந்ததே. உலக வழக்கில் 'முடிவில்லாத பேச்சு', 'எண்ணற்ற விண்மீன்கள்' என்கிறோம். பேச்சு எப்படியும் ஓயும்; வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் சில ஆயிரமே. இங்கே மிகுதி என்பதே கருத்து.

கணிதத்தில் அப்படியன்று. முடிவிலி மிகப் பெரிய எண் அன்று. எந்த எண்ணைச் சொன்னாலும் அதனோடு ஒன்றைக் கூட்டலாம். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என இணைத்துச் சென்றால், ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இரட்டை எண் துணையாகும். பகுதி முழுமைக்கு ஈடாகும் விந்தை இது! முடிவிலிகளுக்குள்ளும் பெரிது சிறிது உண்டென்பதற்கு 1874இல் கேண்டர் வழிகாட்டினார்.

அல்சூர் ஏரியைச் சுற்றி வருபவர்க்கு வழியின் முனை தென்படாது; ஆயினும் ஒரு சுற்றின் நீளம் அளவுடையது. முனையின்மை வேறு, முடிவிலி வேறு.

"அறிவிலியில் 'இலி' குறையைச் சொல்லும், முடிவிலியில் அதுவே பெருமையைச் சொல்லும்" என்று சிறுமிக்கு விடை கூறினேன். அவள் அச்சொல்லை எழுதிக்கொண்டாள். கன்னடமும் ஆங்கிலமும் நிறைந்த அந்தக் கணக்கு நோட்டில் அதுவே முதல் தமிழ்ச் சொல். நம் நோட்டுகளில் எத்தனை உள்ளன, நண்பர்களே?