குதிகாலில் ஒரு துளி இரத்தம்: கருவி காட்டும் எண்ணும் ஆய்வக முடிவும்

குறைமாதக் குழந்தையின் அருகே நிற்கும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டீர்களே, மறுபடியும் ஏன் ஆய்வகத்திற்கு இரத்தம் அனுப்புகிறீர்கள்?” நியாயமான கேள்விதான்.

கல்லீரலில் சேரும் சர்க்கரைச் சேமிப்பின் பெரும்பகுதி கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகிறது. 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு. இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து நெடுநேரம் நீடித்தால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே, பிளாஸ்மாச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் சிகிச்சையைக் கருதவேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்.

படுக்கையருகே பயன்படும் குளுக்கோமீட்டர் பெரியவர்களின் நீரிழிவைக் கவனிக்கவே முதன்மையாக உருவானது. 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதிப்படி, 100க்குக் குறைவான அளவுகளில் 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். வீட்டில் தாத்தாவுக்கு 160 என்பது 175 ஆனால் பெரிய வேறுபாடில்லை. ஆனால் குழந்தைக்குக் கருவி 42 காட்டினால் உண்மை அளவு 27 ஆகவும் இருக்கலாம், 57 ஆகவும் இருக்கலாம். முன்னது ஆபத்து, பின்னதற்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

சிவப்பணு அடர்த்தியும் எண்ணை மாற்றும். பிறந்தவுடன் இரத்தம் கெட்டியாக இருப்பதால் பல கருவிகள் குறைத்துக் காட்டும். சில வாரங்களில் இரத்தசோகை வந்தபின் கூட்டிக் காட்டி, உண்மையான தாழ்வை மறைத்துவிடலாம். குளிர்ந்த குதிகால், உலராத ஸ்பிரிட், அழுத்திப் பிழிந்த துளி ஆகியவையும் பிழை தரும். அதனால்தான் செவிலியர் குதிகாலை வெதுவெதுப்பாக்கி, துடைத்து, உலரவிட்டு, பக்கவாட்டில் குத்துகிறார்.

ஆய்வக முடிவே நம்பகமானது. எனினும் எடுத்த இரத்தத்திலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். தாமதித்தால் அந்த அளவும் பொய்த்துவிடும். எனவே ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுத்து உடனே அனுப்புகிறோம். முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைப்பதில்லை. அறிகுறி இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்து ஒரு மணி நேரத்திற்குள் மீண்டும் பார்க்கிறோம். அளவு மிகத் தாழ்ந்தாலோ அறிகுறி தெரிந்தாலோ நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்துகிறோம். கருவியின் எண் எச்சரிக்கை மணி, தீர்ப்பு அன்று.

குடும்பத்தார் செய்யவேண்டியவை சில உண்டு. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்காதீர்கள். அது குழந்தைக்குத் தொற்றைத் தரக்கூடும். குதிகாலில் அதன் துளி பட்டிருந்தாலும் கருவி கூட்டிக் காட்டிவிடும். கைகளைக் கழுவியே குழந்தையைத் தொடுங்கள். மருத்துவர் அனுமதித்தவுடன் மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு அளியுங்கள். உடற்சூடு குறையாவிட்டால் சர்க்கரை வீணாகச் செலவாகாது. நடுக்கம், பால் உறிஞ்சாமை, துவண்ட உடல், நீலநிறம், மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், சற்று முன் பார்த்த எண் நன்றாக இருந்தது என்று காத்திராமல், உடனே செவிலியரை அழையுங்கள்.