இணையவழி உளநூற் பட்டமும் மேற்படிப்பும்

கல்வியென்பது ஆசிரியன் முன்னிலையில் அமர்ந்து, செவி வாயாகக் கேட்டுப் பெறுவது என்பது நம் முன்னோர் கண்ட நெறி. இக்காலத்தோ, வீட்டகத்திருந்தே இணையத்தின் வாயிலாகப் பாடங் கேட்டுப் பட்டம் பெறும் முறை பெருகி வருகின்றது. பகலெல்லாம் தொழில் செய்து இரவிற் கற்பாரும், குழந்தைகளை உறங்கச் செய்து பின் நூலை விரிக்கும் தாய்மாரும் இம்முறையால் உளநூலில் இளங்கலைப் பட்டம் பெற்று, அதன்மேல் முதுகலையும் ஆராய்ச்சியும் பயில விழைகின்றனர். அவ்விழைவு நிறைவேறுதற்கு வேண்டுவன யாவை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவிலிருந்து பட்டம் பெறுதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலண்டன் பல்கலைக் கழகம் 1858-இலேயே, கலாசாலைக்கு வாராதாரும் தன் தேர்வுகளை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவு திறந்தது. 1857-இல் நிறுவப்பெற்ற நம் சென்னைப் பல்கலைக் கழகமும் இலண்டன் முறையைப் பின்பற்றித் தொடக்கத்தில் தேர்வு நடத்தும் கழகமாகவே விளங்கிற்று. பாடஞ் சொல்லும் பணி கலாசாலைகளுக்கே உரியதாயிருந்தது. எனவே, கற்குமிடம் ஒன்றும் பட்டம் அளிக்குமிடம் வேறொன்றுமாதல் நமக்குப் புதிதன்று. பின்னர், 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் மாணாக்கரை ஏற்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகம், முன்தகுதி கேளாமலே யாவர்க்கும் இடமளித்தது. அஞ்சலும் வானொலியும் தொலைக்காட்சியும் முதலிற் செய்த தொண்டை இன்று இணையம் செய்கின்றது. ஆகவே, வீட்டிலிருந்து பெற்ற பட்டம் என்னும் அக்காரணம் ஒன்றே பற்றி அதனைத் தாழ்வென்றல் பொருந்தாது.

அற்றேல், எப்பட்டமும் மேற்படிப்பிற்கு வழியாகுமோ எனின், ஆகாது. உளநூலில் இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் உளநூல் வல்லுநராகத் தொழில் நடத்தல் பெரும்பாலான நாடுகளில் இயலாது. அது முடிவன்று, மற்றொரு வாயிலுக்குச் செல்லும் படியேயாம். ஆதலின், நாம் புகவிரும்பும் வாயில் எத்திறவுகோலை வேண்டுகின்றது என்று முதலில் அறிந்து, பின்னரே படியைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அவ்வாயில் வேண்டுவன மூன்று: ஏற்பு, முறைப்பயிற்சி, ஆசிரியர் சான்று என்பன.

முதலாவது ஏற்பு. பிரிட்டனில் பிரிட்டிஷ் உளநூற் கழகம் ஒப்புதல் அளித்த ஹானர்ஸ் பட்டத்தை இரண்டாம் வகுப்பிற்குக் குறையாது பெற்றாரே, அக்கழகத்தின் பட்டய உறுப்பினராதற்குரிய அடிப்படைத் தகுதி உடையராவர். மருத்துவ உளநூல் முதலிய துறைகளிற் பயிற்சி பெறுதற்கு அத்தகுதி இன்றியமையாதது. திறந்த பல்கலைக் கழகம் இவ்வொப்புதல் பெற்ற பட்டங்களை வழங்குகின்றது. அப்பட்டத்திற்கு 360 கிரெடிட்டுகள் வேண்டும். ஆண்டுக்கு 60 பெறுவார்க்கு ஆறாண்டுகள் கழியும். ஆறாண்டு உழைத்தபின் வாயில் மூடியிருக்கக் காண்டல் எத்துணைக் கொடிது!

அமெரிக்க நாட்டு நிலை வேறு. ஆங்குள்ள அமெரிக்க உளநூற் சங்கம் இளங்கலைப் படிப்புகளுக்கு ஒப்புதல் அளிப்பதே இல்லை. ஆதலின், தன் இளங்கலைப் பட்டம் அச்சங்கத்தின் ஒப்புதல் பெற்றதென ஒரு நிலையம் விளம்பரஞ் செய்யுமாயின், அதனை விட்டு விலகுதலே அறிவுடைமை. அந்நாட்டில் நாம் வினவவேண்டுவது, அக்கல்வி நிலையம் முழுமையும் அரசினர் ஏற்ற தகுதிக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்பதேயாம்.

நம் நாட்டு நிலையோ அண்மையிற் பெரிதும் மாறியது. முறைப்படி ஏற்கப்பெற்ற நிலையங்களின் இணையவழிப் பட்டங்களும் நேர்முகப் பட்டங்களோடு ஒப்பவே கொள்ளப்படும் என 2022-இல் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. ஆயினும், 2021-ஆம் ஆண்டின் துணைநலத் தொழிலாளர் சட்டத்தின்பாற் படும் துறைகளைத் தொலைநெறியாலும் இணையத்தாலும் கற்பித்தலை நிறுத்துமாறு 2025-இல் அக்குழுவே கட்டளையிட்டது. அத்துறைகளுள் உளநூலும் ஒன்று. பிறர் உள்ளத்து நோயைத் தீர்க்கப் புகுவார்க்கு நேர்முகப் பயிற்சி வேண்டும் என்னுங் கருத்து மறுத்தற்கரியது. ஆயினும், கலாசாலைக்குச் செல்ல வழியற்ற ஏழை மாணாக்கர்க்கு ஒரு வாயில் அடைபட்டதும் உண்மையே. இவ்விரண்டையும் நடுவுநிலையில் நின்று எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

இரண்டாவது முறைப்பயிற்சி. வில்ஹெல்ம் வுண்ட் என்பார் 1879-இல் லைப்சிக் நகரிற் சோதனைச்சாலை அமைத்த நாள்முதல், உளநூல் தத்துவ ஆராய்ச்சியினின்று பிரிந்து, அளந்தறியும் விஞ்ஞானமாக வளர்ந்தது. ஆதலால் மேற்படிப்புக் கழகங்கள், மாணாக்கர் எத்தனை கொள்கைகளை நெட்டுருச் செய்துளர் என்று மட்டும் பார்ப்பதில்லை. புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும் பயின்றனரா, தாமே ஒரு சோதனையை வகுத்து, நடத்தி, அதன் முடிவை எழுதினரா என்றும் நோக்குகின்றன. கணக்கிற்கு அஞ்சி அப்பாடங்களைத் தவிர்ப்பார் தம் வழியைத் தாமே அடைப்பவராவர்.

மூன்றாவது ஆசிரியர் சான்று. அமெரிக்க மேற்படிப்புத் துறைகள் பெரும்பாலும் விண்ணப்பத்துடன் ஆசிரியர் மூவர்தம் பரிந்துரை மடல்களை வேண்டுகின்றன. இணையவழிக் கல்வியின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. முகமறியாத மாணாக்கனைப் பற்றி ஆசிரியர் யாது எழுதுவர்? மதிப்பெண்ணை எழுதலாம், குணத்தை எழுதுதல் யாங்ஙனம்? எனவே, நேரடி உரையாடல்களில் ஐயங்களை வினவியும், ஆசிரியரின் ஆராய்ச்சிக்கு இயன்ற உதவி புரிந்தும், ஆய்வுக் கட்டுரையை அவர்தம் மேற்பார்வையில் எழுதியும், முதலாண்டு தொட்டே அறிமுகமாதல் நலம்.

இனி, தனித்திருந்து கற்பார்க்கு உளநூலே ஒரு நல்லுரை தருகின்றது. ஹெர்மன் எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே ஓதித் தம் நினைவையே சோதித்து, 1885-இல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அச்சோதனைகளுக்கு அவரே ஆராய்ச்சியாளர், அவரே ஆராயப்பட்டவர். பன்னிரண்டு அசைகொண்ட வரிசையொன்றை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். தேர்வின் முன்னிரவிற் கண்விழித்தலினும், நாள்தோறும் சிறிது பயிறலே சிறந்தது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ? மணியடித்து வகுப்பிற்கு அழைப்பாரில்லாத இணைய மாணாக்கர்க்கு இவ்வொழுங்கே மணியாதல் வேண்டும்.

ஆகவே, இணையவழிப் பட்டம் இகழத்தக்கதுமன்று, ஆராயாது கொள்ளத்தக்கதுமன்று. பணங் கட்டுமுன், தாம் பின்னர்ப் பயில விரும்பும் கழகத்திற்கு ஒரு மடல் எழுதி, 'இப்பட்டத்தை ஏற்பீரோ?' என வினவி, விடையை எழுத்தாற் பெறுக. அச்சிறு மடல் பல்லாண்டு உழைப்பைக் காக்கும். பிறர் உள்ளத்தை அறிய விரும்புவார், தாம் செல்லும் வழியை முதலில் அறிந்துகொள்வாராக.