காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர், சில காலத்திற்கு முன் நெஞ்சுவலியுடன் எங்களிடம் வந்தார். இதயத் தமனியின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்தினோம். அவர் நலமடைந்தார். ஆனால் அவருடைய மகன் எடுத்திருந்த பாலிசிக்குரிய தனியார் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. அதற்குக் காரணம் எங்கள் குறிப்பில் இருந்த ஒரே வரி. உயர் இரத்த அழுத்தம் பத்து மாதங்களாக இருப்பதாக மருமகள் கூறியது, அவசரப் பிரிவில் பத்து ஆண்டுகள் எனப் பதிவாகிவிட்டது. பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தமையால், நோயை மறைத்துப் பாலிசி பெற்றதாக நிறுவனம் கருதியது. தவறு எங்களுடையது, நகையை அடகு வைத்தது அக்குடும்பம்.

காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கையைப் பரிசீலிப்பவர் நோயாளியை நேரில் காண்பதில்லை, காகிதங்களையே காண்கிறார். ஆகவே காகிதங்கள் சரியாக இருத்தல் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று நாங்கள் கருதுகிறோம்.

சேர்க்கையின்போது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கப்பட்டு, 2018-இல் பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதியலாம். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். முன்அனுமதி பெற்ற பின்னரே சிகிச்சை தொடங்குவதால், சேர்க்கையின்போதே அட்டையைக் காட்டுங்கள்.

தனியார் பாலிசி உள்ளவர்கள் அறை வாடகை வரம்பை முதலில் பாருங்கள். வரம்பு நாளுக்கு ரூ.3,000 என்றிருக்க, ரூ.6,000 வாடகையுள்ள அறையில் தங்கினால், பல பாலிசிகளில் வாடகை மட்டுமன்றி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறையும். மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருத்துகருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவில் இக்குறைப்புக் கூடாது.

நோய் தொடங்கிய காலத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். நினைவில்லையெனில் நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

வீடு திரும்பும்போது

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முதல் அனுமதி ஒரு மணி நேரத்திலும், இறுதி அனுமதி மூன்று மணி நேரத்திலும் வழங்கப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனைக் கட்டணம் கூடினால், அக்கூடுதலை நிறுவனமே ஏற்க வேண்டும்.

விடுப்புச் சுருக்கத்தைப் பெற்றவுடன், எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு பெயர், வயது, தேதிகள், நோயின் காலம் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். தவறு இருப்பின் அன்றே எங்களிடம் கூறுங்கள். பணம் கட்டிய அசல் ரசீதுகளின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால்

முதலில், எந்த விதியின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் பெறுங்கள். பாலிசி 60 மாதங்கள் தொடர்ந்து நடப்பில் இருந்திருப்பின், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, நோயை மறைத்தார் என்ற காரணத்தால் மறுக்க இயலாது.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஆம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, ரூ.50 லட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிறுவனங்களிடம் சட்ட ஆலோசகர்கள் இருப்பார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள் என்று பலர் தயங்குகின்றனர். இங்கு வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதே இல்லை. பாதிக்கப்பட்டவரே முறையிடலாம் என்பதே விதி.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஒரே குறைக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளரை நாட இயலாது.

முன்னர்க் கூறிய நெசவாளரின் வீட்டில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அட்டை இருந்தது. முதன்முதலாக மாத்திரை வழங்கிய தேதி அதில் தெளிவாக இருந்தது. அதன் நகலையும் எங்கள் திருத்தக் கடிதத்தையும் இணைத்து மறுபரிசீலனை கோரினர். பணம் கிடைத்தது, நகை மீண்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களின் வட்டியை எவரும் திருப்பித் தரவில்லை.

ஆகவே அந்தச் சிறிய அட்டையைக் குடும்ப அட்டையுடன் சேர்த்துப் பாதுகாத்து, மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் எடுத்து வாருங்கள். எங்கள் குறிப்பில் ஐயம் எழுந்தால் தயங்காமல் கேளுங்கள். அதைச் சரிசெய்வது எங்கள் கடமை.